தேசிங்குராசன் கதையும் முத்துமீனாட்சியும்: கைம்மைச் சித்திரிப்பில் ஒரு திருப்பம்

செஞ்சியை ஆண்ட தேசிங்குராசன், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது 1714ஆம் ஆண்டு மாண்டான். அவனைப் பற்றிய கதைப்பாடல் வீரத்திற்கும் நட்பிற்கும் பெயர்பெற்றது. காதலைப் பொறுத்தவரை அதன் போக்கு வேறானது. இளம் மனைவி கணவனது சிதையிலேயே உயிர்விடுவதால், அவள் கைம்பெண்ணாக வாழும் காலம் கதைக்குள் இடம்பெறுவதில்லை. இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அவள் நினைவாக அமைந்தது என்பது வழக்கு. வாழ்வில் இடம்பெறாதவள் ஊர்ப்பெயரில் இடம்பெறுகிறாள்.

இம்முடிவுக்கு நெடிய மரபு உண்டு. தொல்காப்பியக் காஞ்சித்திணை, கணவனோடு தீப்புகுதலையும் கணவனை இழந்தவள் நோன்பிருக்கும் தாபதநிலையையும் துறைகளாக வகுக்கிறது. கைம்பெண் மீண்டும் அன்பு கொள்ளும் நிலைக்கு அங்குத் துறை இல்லை.

அத்துறையைத் தமிழில் திறந்த தொடக்ககால நாவல்களுள் ஒன்று அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' (1903). விதவை மறுமணச் சட்டம் 1856இலேயே இயற்றப்பட்டிருந்தும், இலக்கியம் அதனை ஏற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இளமையில் கைம்மையுற்ற முத்துமீனாட்சி சுந்தரேசனை மணக்கிறாள். மறுமணத்தினும் முதன்மையானது, அவளே தன் கதையைக் கூறுவதாகும். கதைப்பாடலில் அரசியின் துயரைப் பாடகர் கூறுகிறார். நாவலில் கைம்பெண்ணின் அச்சமும் ஆசையும் அவள் சொற்களிலேயே வெளிப்படுகின்றன. எனவே, செஞ்சியைக் களமாகக் கொண்டு கைம்பெண்ணின் காதலை எழுதப்புகும் வரலாற்றுப் புனைவு, காதலனைப் படைப்பதற்கு முன் அவளுக்கு வாழ்நாளையும் குரலையும் வழங்க வேண்டியுள்ளது.