அழுத்தத்துக்கு எதிரே ஒரு தகடு: மாத்தளைச் சாலைகளில் சிறு டர்போ எஞ்சினும் ஹெட் கேஸ்கட் தேர்வும்

இலங்கையின் மாத்தளை மாவட்டச் சாலைகள் சிறிய எஞ்சின்களிடம் பெரிய உழைப்பைக் கேட்பவை. ஏ-9 நெடுஞ்சாலை தம்புள்ளையின் வறண்ட வெப்பத்திலிருந்து நாவுல, நாலந்தா வழியாக மாத்தளை நகருக்கு ஏறி வருகிறது. நகரிலிருந்து இரத்தோட்டையைக் கடந்து ரிவஸ்டனுக்குச் செல்லும் பாதையோ ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்துக்குக் குறுகிய வளைவுகளில் இழுத்துச் செல்கிறது. இந்தப் பாதைகளில் மிளகும் மரக்கறியும் ஆட்களும் ஏற்றிச் செல்லும் வாகனங்களுள் ஜப்பானின் ‘கேய்’ வகைச் சிறு வேன்களும் கார்களும் கணிசமானவை. 1990 முதல் இவ்வகையின் எஞ்சின் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாகவே இருக்கிறது. வலுவையும் 64 குதிரைவலுவுக்கு மேல் கொண்டு செல்வதில்லை என்பது ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட எல்லை. இவற்றில் டர்போ பூட்டியவை, அதாவது புகையின் வேகத்தால் சுழலும் விசிறியைக் கொண்டு காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துபவை, ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு ஏறத்தாழ 97 குதிரைவலு என்ற விகிதத்தில் தொழிற்சாலையிலிருந்தே வெளிவருகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கம்வரை பெருமளவில் மூடியே கிடந்தமையால், இருக்கும் எஞ்சினைப் பிரித்துப் புதுக்கி மேலும் ஓட்டுவது விருப்பமாக அன்றித் தேவையாகவே மாறியது. அவ்வாறு புதுக்கும்போது டர்போவின் அழுத்தத்தையும் சற்றுக் கூட்டிவிடும் ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசை முதலில் மோதும் இடம் ஹெட் கேஸ்கட்.

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளொக்குக்கும் அதன் மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய தகடு. எரியும் வாயுவையும், குளிர்நீரையும், ஒயிலையும் ஒன்றோடொன்று கலவாமல் ஒரே நேரத்தில் தடுப்பது அதன் பணி. அழுத்தம் கூட்டப்பட்ட எஞ்சினில் கேஸ்கட் போய்விட்டால் ‘இதைவிடப் பலமான கேஸ்கட் போட வேண்டும்’ என்று முடிவு கட்டுவதே கராஜ்களில் பெருவழக்கு. அந்த முடிவில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சிறுதுளை எஞ்சினை, அதாவது சிலிண்டர் துளையின் விட்டம் சிறிதான எஞ்சினைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் நோயின் இடத்தை மாற்றிக் காட்டுகிறது.

ஹெட்டைத் தூக்க முயலும் விசை, வாயுவின் அழுத்தத்தையும் சிலிண்டர் துளையின் பரப்பையும் பெருக்கி வருவது. சுசுகியின் கே6ஏ எஞ்சினில் துளையின் விட்டம் 68 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ 36 சதுர சென்ரிமீற்றர். எரிதலின் உச்ச அழுத்தம் 100 பார் என்று கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஹெட்டை மேலே தள்ளும் விசை 3.7 தொன். அதே அழுத்தம் 86 மி.மீ. துளையில் எழுந்தால் விசை 5.9 தொன்னாகும். விட்டத்தின் வர்க்கத்தோடு விசை குறைவதால், சிறுதுளை எஞ்சின் பெரிய எஞ்சினைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கும் வாய்ப்பை இயல்பாகவே பெற்றிருக்கிறது. சிறிய எஞ்சின் என்றாலே கேஸ்கட் பலவீனம் என்ற எண்ணம், விசையை மட்டும் வைத்துப் பார்த்தால், தவறானது.

ஆனால் சிறிய எஞ்சினில் எல்லாமே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இரண்டு துளைகளுக்கு இடையே எஞ்சும் உலோகப் பாலம் சில மில்லிமீற்றர் அகலமே கொண்டது. அதன் இரு பக்கமும் தீ. கேஸ்கட் இருக்கும் பகுதிகளுள் மிகவும் சூடானதும், போல்ட்டின் பிடி மிகக் குறைவாக எட்டுவதும் அந்த ஒடுங்கிய பாலமே. இலங்கைச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மினி கார்களின் ஏ-சீரிஸ் எஞ்சினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் ஒரே புகைவாயிலைப் பகிர்ந்துகொண்டதால் வெப்பம் நடுவிலேயே குவிந்தது. ஆகவே சிறுதுளை எஞ்சினுக்குக் கேஸ்கட் தேர்பவர் தூக்குவிசையைவிடப் பாலத்தின் வெப்பத்தையும் அதன் தட்டையையும் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும்.

இங்கேதான் மிகப் பரவலான முதல் வழக்கம் தடுக்கி விழுகிறது. அழுத்தம் கூட்டும்போது தடித்த கேஸ்கட்டைப் போடுவது, அல்லது இரண்டு கேஸ்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது அவ்வழக்கம். இதன் தர்க்கம் எளிமையானது: எரியறையின் இடம் கூடினால் சுருக்க விகிதம் குறையும், சுருக்க விகிதம், அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள இடத்துக்கும் மேலே வந்தபின் எஞ்சும் இடத்துக்குமான விகிதம், குறைந்தால் எரிபொருள் தானாக வெடிக்கும் அபாயமும் குறையும். கணக்கோ அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 219 க.செ.மீ.; விகிதம் 9 என்று கொண்டால் மேலே எஞ்சும் இடம் 27.4 க.செ.மீ. கேஸ்கட்டை 0.3 மி.மீ. தடிப்பாக்கினால் அது 1.1 க.செ.மீ. மட்டுமே கூடி, விகிதம் 8.7 ஆகிறது. 0.6 மி.மீ. கூட்டினாலும் 8.4. அதே நேரத்தில், பிஸ்டனின் ஓரமும் ஹெட்டின் தட்டைப் பகுதியும் மிக நெருங்கிக் கலவையை நடுவை நோக்கி வேகமாகப் பிழிந்து தள்ளும் இடைவெளி, முதலில் 0.9 மி.மீ. இருந்திருந்தால், 1.5 மி.மீ. ஆகி அந்தப் பிழிவு செத்துப்போகிறது. பிழிவு கலவையைச் சுழற்றித் தீயை விரைவாகப் பரப்புகிறது; தீ விரைந்தால் ஓரத்தில் எஞ்சும் கலவை தானாக வெடிக்க நேரம் கிடைப்பதில்லை. விகிதத்தில் கிடைத்த சிறு இலாபத்தைப் பிழிவின் இழப்பு விழுங்கிவிடுவதால், வெடிப்பைத் தவிர்க்கப் போட்ட தடித்த கேஸ்கட் வெடிப்பையே வரவழைக்கக் கூடும். அடுக்கிய இரண்டு தகடுகளோ கசியக்கூடிய முகங்களை இரண்டிலிருந்து மூன்றாக்குகின்றன. சுருக்க விகிதத்தை உண்மையாகவே குறைக்க வேண்டியவருக்குப் பொருத்தமான பிஸ்டனே வழி.

இந்த இடத்தில் டீசல் வேலை செய்பவர்களின் ஒழுங்கு பாராட்டுக்குரியது. இலங்கையில் நன்கு அறியப்பட்ட டொயோட்டா 2சி எஞ்சினுக்குக் கேஸ்கட் வாங்குமுன், பிஸ்டன் பிளொக்கின் மேல்முகத்தைத் தாண்டி எவ்வளவு எழுகிறது என்று அளந்து, பி, டி, எஃப் என்று குறியிட்ட மூன்று தடிப்புகளில் பொருந்துவதைத் தேர்வது முறை. அளந்தபின் தேர்வது என்ற அந்தப் பழக்கம் பெற்றோல் டர்போ வேலைக்கும் அப்படியே வர வேண்டும்.

பொருளை வைத்துப் பார்த்தால் தேர்வு மூன்று வகைக்குள் அடங்குகிறது. முதலாவது கூட்டுப்பொருள் கேஸ்கட்: நடுவில் எஃகுத் தகடு, இருபுறமும் கிராஃபைட் அல்லது நார்ப்பொருள், துளையைச் சுற்றி எஃகு வளையம். கிராஃபைட் இலங்கைக்கு அந்நியமானதன்று. போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் காரீயமே அது. மென்மையான இந்தக் கேஸ்கட் கீறலும் சிறு குழியும் உள்ள முகத்தையும் நிரப்பி அடைத்துவிடும். சுசுகியின் பழைய எஃப்6ஏ எஞ்சினைப் போன்ற வார்ப்பிரும்புப் பிளொக்குக்கு அது கைகொடுப்பதன் காரணம் இதுவே. குறை என்னவென்றால், அமுங்கிய பொருள் திரும்ப எழுவதில்லை. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 80 பாகை சூடேறும்போது தன் கீழுள்ள இரும்புப் பிளொக்கைவிட 0.2 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக நீள முயலும். ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிகழும் இந்த உரசல் கேஸ்கட்டின் மென்மையான பொருளை மெல்ல அரைத்து எடுக்கிறது. கூட்டிய டர்போ அழுத்தம் அந்தத் தேய்வை விரைவுபடுத்தும்.

இரண்டாவது, 1990களில் ஜப்பானிய எஞ்சின்களிலிருந்து உலகெங்கும் பரவிய பல்லடுக்கு எஃகுக் கேஸ்கட். வில்போல் வளையும் மெல்லிய துருவேறா எஃகுத் தகடுகள் மூன்றோ அதற்கு மேலோ அடுக்கப்பட்டு, துளையைச் சுற்றி மேடாக அழுத்தப்பட்ட வளையங்களோடும், வெளிமுகத்தில் இறப்பர்ப் பூச்சோடும் வருவது இது. ஒவ்வொரு எரிதலிலும் ஹெட் நுண்ணிய அளவில் தூக்கப்படும்போது அந்த மேடு எழுந்து இடைவெளியைத் தொடர்கிறது. பூச்சு ஹெட்டின் நீட்சிக்கு வழுக்கி இடம் கொடுக்கிறது. உயரழுத்த டர்போவுக்கு இதைவிடப் பொருத்தமான கேஸ்கட் பொதுப் பாவனைக்கு இல்லை என்பதே நேர்மையான தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. எஃகு எதையும் நிரப்பாது; நுண்ணிய இறப்பர்ப் பூச்சு மட்டுமே நிரப்பும். ஆகவே முகத்தின் சொரசொரப்பு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றர் அளவிலும், தட்டை 0.05 மி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். பழைய கேஸ்கட்டின் எச்சத்தை உரசு வட்டால் சுரண்டி, கண்ணாடிமேல் அரத்தாள் வைத்து ஹெட்டைத் தேய்த்துவிட்டு அதன்மேல் விலையுயர்ந்த எஃகுக் கேஸ்கட்டை வைப்பது காசை வீணாக்குவது. உரசு வட்டு மென்மையான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை விடுவதோடு, அதன் துகள்கள் ஒயிலில் கலந்து பெயரிங்குகளையும் அரிக்கின்றன. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் கேஸ்கட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல லேத் பட்டறைக்குக் கொடுப்பது எஞ்சினுக்குச் செய்யும் கூடுதல் உதவி. ஒருமுறை இறுக்கி அமுங்கிய எஃகுக் கேஸ்கட்டைத் துடைத்து மறுபடியும் பூட்டுவதும் அதே வகைத் தவறு. மேட்டின் எழுச்சி போய்விட்டபின் அது வெறும் தகடு.

முகத்தை விடவும் ஆழமான குறை ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. கடுமையாகச் சூடேறிய அலுமினிய ஹெட் தன் கடினத்தை இழக்கிறது. அதைச் சீவிச் சமன்செய்தால் தட்டை திரும்பும், கடினம் திரும்பாது. போல்ட்டை இறுக்கியதும் கேஸ்கட்டின் வளையம் மென்மையான உலோகத்தில் பதிந்து, பிடி தளர்ந்துவிடும். கேஸ்கட் அடிக்கடி போகும் வேன்களில் கேஸ்கட்டின் தரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் ஹெட்டின் கடினத்தைச் சோதிப்பது அறிவுடைமை. போல்ட்டும் அவ்வாறே. குறித்த விசையில் இறுக்கி மேலும் குறித்த கோணம் திருப்பும் வகையில் செய்யப்பட்ட போல்ட்டுகள் சற்று நீண்டே பிடிக்கின்றன. அவற்றைத் திரும்பத் திரும்பப் பாவிப்பது பிடியைத் திருடும். அதற்கு மாறாகப் பலமான ஸ்டட் வாங்கி அளவுக்கு மீறி இறுக்குவோரும் உண்டு. கே6ஏ போன்ற அலுமினியப் பிளொக்கின் மெல்லிய லைனர் அதனால் வட்டம் கெட்டு, கேஸ்கட்டில் அடைத்த வாயு பிஸ்டன் வளையம் வழியே கீழே இறங்கத் தொடங்குகிறது.

பொருளும் முகமும் பிடியும் சரியாக இருந்தும் கேஸ்கட் போனால், காரணத்தை எரிபொருளிலும் தீப்பொறியின் நேரத்திலும் தேட வேண்டும். டர்போவின் மிகையழுத்தத்தை 1 பாரிலிருந்து 1.4 பாருக்குக் கூட்டுவது உள்ளே செல்லும் காற்றை ஏறத்தாழ 20 வீதம் கூட்டுகிறது. நல்ல கேஸ்கட் அதைத் தாங்கும். கலவை தானாக வெடிக்கும் ‘நொக்கிங்’ எழுப்பும் அழுத்த அதிர்வை எந்தக் கேஸ்கட்டும் நீண்ட காலம் தாங்காது. இலங்கையில் பெரும்பாலும் விற்கப்படுபவை 92, 95 ஒக்டேன் பெற்றோல்களே. 95 விற்கும் நிலையங்கள் குறைவு. 95க்கென நேரம் முற்படுத்தப்பட்ட எஞ்சினில் 92 ஊற்றிக்கொண்டு, தாழ்ந்த கியரில், ரேடியேட்டருக்குக் காற்று போதாத வேகத்தில், ஆட்களோடு ரிவஸ்டன் ஏறுவது கேஸ்கட்டுக்கு எழுதப்பட்ட தண்டனை. மாத்தளையில் ஓட எஞ்சின் அமைப்பவர் 92க்கே நேரத்தை அமைத்துவிட்டு, கிடைக்கும் அழுத்தத்தோடு திருப்தியடைவதே முறை.

மென்மையான கேஸ்கட்டை வேண்டுமென்றே தேர்பவர்களின் வாதத்தையும் எடைபோட வேண்டும். கேஸ்கட் ஒரு பியூஸ் போன்றது, அது முதலில் போனால் பிஸ்டன் தப்பும் என்பது அவர்கள் கட்சி. பந்தயத் தடத்தில் இது ஓரளவு பொருந்தும். வாயு வெளியே சீறும் ஒலி கேட்டதும் ஓட்டுநர் நிறுத்திவிடுவார். மலைச்சாலையில் வேலை செய்யும் வேனில் வாயு பெரும்பாலும் குளிர்நீருக்குள்தான் கசிகிறது. நீர் சிறுகச் சிறுக வெளியேறி, வெப்பமானி காற்றில் நின்று தவறாகக் காட்ட, ஹெட் வளைந்தபின்தான் ஓட்டுநருக்குத் தெரியவருகிறது. பிஸ்டனைக் காப்பாற்ற ஹெட்டைப் பலிகொடுக்கும் இந்த ஏற்பாட்டில் வாகனத்தை நம்பிப் பிழைப்பவருக்கு இலாபம் இல்லை.

மூன்றாவது வகையான செப்புக் கேஸ்கட்டுக்கு உரிய இடம் சீகிரியா ரலி குரொஸ் போன்ற பந்தயங்களே. செம்பு எஃகைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் குறுகிய பாலத்தின் சூட்டைப் பகிர்ந்து எடுக்கும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகி, மறுபடியும் பாவிக்க இடம் தரும். துளையைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் எஃகுக் கம்பி வளையம் பதித்தால் மிக உயர்ந்த அழுத்தத்தையும் அடைக்கும். ஆனால் நீரையும் ஒயிலையும் அது தானாக அடைப்பதில்லை. அடைப்புப் பசை வேண்டும், சூடேறி ஆறியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், அந்த இறுக்கத்தை இடையிடையே சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் எஞ்சினைத் திறக்கும் பந்தயக் குழுவுக்கு அது பாரமன்று. தம்புள்ளைச் சந்தைக்கு விடியுமுன் மரக்கறி கொண்டு சேர்க்க வேண்டிய வேனின் சொந்தக்காரரிடம் அந்த மறு இறுக்கத்துக்கான நாள் கிடையாது, அவருக்குத் தொழிற்சாலைத் தடிப்புள்ள பல்லடுக்கு எஃகுக் கேஸ்கட்டும் புதிய போல்ட்டுகளுமே போட்டுக் கொடுக்கப்பட வேண்டும்.