தாழ்ந்த குரலின் பிடிவாதம்: 'லோ' குழுவின் முதல் அல்பம் பற்றி

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த உபாயம் ஒன்று உண்டு. வகுப்பில் இரைச்சல் கூடினால் குரலை உயர்த்தாதே, தாழ்த்து. முன்வாங்கில் இருக்கும் பிள்ளை 'சேர் என்ன சொல்றார்' என்று காதைக் கொடுப்பான், பின்வாங்குக்காரனை அவனே அடக்குவான். என் அனுபவத்தில் பாதி நாட்கள்தான் இது பலித்தது. மீதி நாட்களில் நான் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தம்பாட்டில் இருந்தார்கள்.

இந்த உபாயத்தையே ஒரு றொக் இசைக்குழு தனது கலைக்கொள்கையாக வைத்திருந்தது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரில் 1993இல் உருவான 'லோ' என்பதே அக்குழு. பார்வையாளர்கள் இரைந்தால் இவர்கள் ஒலியை இன்னும் குறைத்துவிடுவார்களாம். அவர்களது முதல் அல்பமான 'ஐ குட் லிவ் இன் ஹோப்' 1994 பெப்ரவரியில் வெளிவந்தது. பழைய மாணவர் ஒருவர் பதிந்து தந்த இறுவட்டில் இதை முதன்முதலில் கேட்டபோது, எனது பிளேயர்தான் பழுதாகி மெதுவாகச் சுற்றுகின்றதோ என்று சந்தேகப்பட்டேன்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்த பின்னர், சியாட்டில் நகரத்துக் கிரஞ்ச் இசையே அமெரிக்க இளைஞர்களின் குரலாகக் கொள்ளப்பட்டது. முறுக்கேறிய கிற்றார், தொண்டை கிழியும் கத்தல். அதன் நடுவே மூன்று பேர் மெல்ல வாசிக்கத் தொடங்கினார்கள். அலன் ஸ்பார்ஹோக் கிற்றாரும் குரலும், அவரது மனைவி மிமி பார்க்கர் தாளமும் குரலும், ஜோன் நிக்கல்ஸ் பேஸ் கிற்றார். 'இந்தக் காலத்தில் இவ்வளவு மெதுவாக வாசித்தால் சனங்கள் என்ன செய்யும்' என்ற பகிடியாகத்தான் இது ஆரம்பித்தது. பகிடி கொள்கையாகி, கொள்கை ஏறக்குறைய முப்பது வருட வாழ்க்கையாகிவிட்டது.

இதனைச் சுயாதீன இசை என்று வகைப்படுத்துவதில் சிறு சிக்கல் இருக்கின்றது. அல்பத்தை வெளியிட்ட வேர்ணன் யார்ட், வேர்ஜின் என்ற பெரிய நிறுவனத்தின் கிளை. ஆனால் பதிவு செய்த விதம் சிறிய கையின் வேலை. நியூ ஜேர்சியில் கிரேமர் என்பவரின் கலையகத்தில் பதிவானது. கலக்சி 500 குழுவின் அல்பங்களைத் தயாரித்தவரும் இவரே. ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னும் ஒரு நீண்ட எதிரொலியை அவர் விட்டுவைக்கின்றார். வெறுமையான பெரிய மண்டபமொன்றின் மறுமூலையில் இருந்து கேட்பது போன்ற உணர்வு. எனக்கு இது சில இடங்களில் அளவு மிஞ்சியதாகவே படுகின்றது. பேஸின் அந்த ஈரப்பிசுபிசுப்பு எண்பதுகளின் ஆங்கிலக் குழுக்களை நினைவூட்டி, இசைக்கு ஒரு காலமுத்திரையைக் குத்திவிடுகின்றது.

பதினொரு பாடல்கள். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லே தலைப்பு: சொற்கள், பயம், வெட்டு, கடல், கயிறு என்பன போல. வரிகளும் அப்படித்தான். ஒரு பாட்டை எழுத்தில் இறக்கினால் அரைப்பக்கம் வராது. நமது கவியரங்குகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே வரியை நான்கு தரம் உரத்துச் சொல்லும் நண்பர்கள் இதைக் கேட்க வேண்டும். இவர்களும் வரிகளைத் திருப்பிச் சொல்கின்றார்கள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லின் பாரம் மாறுகின்றது.

மிமி பார்க்கர் நின்றுகொண்டே வாசிப்பவர். வழமையான ட்றம்ஸ் கூட்டம் அவரிடம் இல்லை. ஒன்றிரண்டு பறை, ஒரு சிம்பல், பெரும்பாலும் பிரஷ். றொக் இசையில் தாளம் பாட்டைத் தள்ளிக்கொண்டு போவது. இங்கோ தாளம் பாட்டைப் பிடித்து நிறுத்துகின்றது. அடுத்த அடி விழுமா விழாதா என்று கேட்பவன் காத்திருக்க வேண்டியிருக்கின்றது. அந்தக் காத்திருப்பே இந்த அல்பத்தின் இசை என்பது எனது வாசிப்பு.

'லலபை', அதாவது தாலாட்டு, ஏறக்குறைய பத்து நிமிடம். மிமி சில வரிகளை மட்டும் பாடிவிட்டு விலகுகின்றார். பிறகு வாத்தியங்கள் மட்டும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்து, கேட்பவன் அறியாமலேயே கனத்து எழுகின்றது. எந்த இடத்தில் உயர ஆரம்பித்தது என்று நான் பலமுறை தேடியும் பிடிபடவில்லை. பிள்ளை உறங்கிய பின்னும் தாய் தனக்காகவே பாடிக்கொண்டிருப்பதை நமது நாட்டார் பாடல்களைத் தேடித் திரிந்தவர்கள் அறிவார்கள். அந்தப் பகுதிதான் இது.

எல்லாப் பாட்டுகளும் இந்த உயரத்தில் இல்லை. பின்பாதியில் 'டவுண்', 'ட்ராக்' இரண்டும் ஒன்றன் நிழலில் மற்றது நிற்கின்றன. கடைசிப் பாட்டு புத்திசாலித்தனமான தெரிவு. 'யூ ஆர் மை சன்ஷைன்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டு. 1940இல் ஜிம்மி டேவிஸ் பாடிப் பிரபலமாக்கினார், பின்னர் அவர் லூசியானாவின் ஆளுநருமானார். பாலர் வகுப்பில் கைதட்டிப் பாடுவது போலத் தோன்றினாலும் உள்ளே இழப்பின் பாட்டு அது. 'லோ' செய்ததெல்லாம் வேகத்தைக் குறைத்தது மட்டுந்தான். மூடியிருந்த துக்கம் தானாக வெளியே வந்துவிட்டது.

இந்த இசைக்கு 'ஸ்லோகோர்' என்று பெயரிட்டார்கள். குழுவினருக்கு அப்பெயர் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. மெதுவானதெல்லாம் சோகம் என்ற சோம்பேறித்தனம் அதற்குள் இருக்கின்றது. இன்னொரு சாரார், தம்பதியர் மோர்மன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்பதை வைத்து எல்லாவற்றையும் பிரார்த்தனை என்கின்றனர். நம்பிக்கை அவர்களது வாழ்வில் இருந்தது உண்மை. ஆனால் இதில் நான் கேட்பது பிரார்த்தனையின் அமைதியை விட ஒரு பிடிவாதத்தை. பின்னாளில் இவர்களே பெருஞ்சத்தம் எழுப்பினார்கள். நிர்வாணாவின் முதல் அல்பத்தை வெளியிட்ட சப் பொப் நிறுவனமே 2005 முதல் இவர்களது அல்பங்களையும் வெளியிட்டது. 2018இன் 'டபிள் நெகட்டிவ்' அல்பத்தில் பாட்டே சிதைந்த இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது.

2022 நவம்பர் 5ஆம் திகதி மிமி பார்க்கர் புற்றுநோயால் காலமானார். வயது 55. அதற்குப் பின் இந்த முதல் அல்பத்தை மரணத்தின் முன்னறிவிப்பாகக் கேட்போர் பெருகிவிட்டனர். இது அநியாயம் என்றே கருதுகின்றேன். இருபதுகளில் இருந்த ஒரு பெண், தன் காலத்தின் சத்தத்துக்குப் பணியாமல், ஒரு பிரஷை வைத்துக்கொண்டு நின்று செய்த வேலை இது. அதனை அவருடைய நோய்க்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

சொல்லிவிட்டேனே தவிர, நானும் தப்பவில்லை. 2024இல் ஸ்பார்ஹோக் 'வைட் ரோசஸ், மை கோட்' என்ற தனி அல்பத்தை வெளியிட்டார். அதில் தன் குரலை அடையாளம் தெரியாதபடி இயந்திரத்தால் மாற்றியிருக்கின்றார். அதைக் கேட்டு முடித்த இரவில் மீண்டும் 1994இன் இறுவட்டைப் போட்டேன். முதற்பாட்டு 'வேர்ட்ஸ்'. கிற்றார் வந்தது, பேஸ் வந்தது, அவர் பாடத் தொடங்கினார். மற்றக் குரல் எந்த இடத்தில் வந்து சேரும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த இடம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.