சராசரிக்குள் மறையும் ஊர்

ஏற்றத்தாழ்வு பற்றிய ஆராய்ச்சி நூல்களுக்குத் தமிழகத்தில் பஞ்சமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம் யாரிடம், கடன் யாருக்கு, கூலி எவ்வளவு என்று கேட்டெழுதச் செய்தார். 1918-இல் அது நூலாயிற்று. அதில் இடம்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு முதலிய ஊர்களைப் பின்வந்தோர் மீண்டும் சென்று கண்டனர். பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் செய்த மறு ஆய்வு 1940-இல் வந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் தொடர்ந்தனர். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடரும் இப்பொறுமை உலகில் அரிது.

இதனைப் போற்றிவிட்டே கேட்கிறேன்: திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பம் இந்நூல்களில் தன்னைத் தேடினால் எதைக் காணும்?

முதல் இடையூறு எல்லைக்கோடு. திருத்தணிப் பகுதி 1911 வரை வட ஆர்க்காடு, பின்னர் சித்தூர், 1960 ஏப்ரலில் தமிழகத்தோடு இணைந்து செங்கற்பட்டு, 1997 முதல் திருவள்ளூர். மாவட்டப் புள்ளிவிவரத்தை வைத்து நூறாண்டு வரலாறு எழுதுவோர் கையில் இப்பகுதி நான்கு துண்டுகளாகச் சிதறுகிறது. 1973-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் பசுமைப் புரட்சியை அளக்க வட ஆர்க்காட்டுக்கு வந்தபோது, திருத்தணி அம்மாவட்டத்தில் இல்லை. மண் அதே மண்தான். கோடு மட்டும் நகர்ந்துவிட்டது.

இரண்டாவது இடையூறு இதனினும் நுட்பமானது. கிராம ஆய்வாளர் நிலத்தை அளந்தார்கள். உழுபவனும் உழுவிப்பவனும் அவர்கள் கண்ணில் பட்டனர். நிலமே இல்லாது, சிறு கடையையோ சந்தை வியாபாரத்தையோ நம்பி வாழ்பவன் ‘ஏனையோர்’ என்னும் கட்டத்தில் அடங்கிப் போனான். பார்பரா ஹாரிஸ்-வைட் ஆரணி நகரின் வணிகத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, சாதியும் மதமும் சந்தைக்குள் எவ்வாறு செயற்படுகின்றன என்று காட்டியது இக்குறையை ஓரளவு நீக்கியது. 2003-இல் வந்த அவர் நூலை நம் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இனி சச்சார் குழுவுக்கு வருவோம். 2006-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவ்வறிக்கை, நாட்டு முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையை மறுக்கவியலா எண்களில் வைத்தது. ஆனால் தமிழகம் என்றதும் பேச்சு மாறுகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே முஸ்லிம்களில் எழுத்தறிந்தோர் 82.9 விழுக்காடு, மாநில முழுமைக்கும் 73.5 தான். ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று கேட்கத் தோன்றும் எண் இது. நம்மவருள்ளும் சிலர் பெருமையோடு மேடையில் முழங்குகின்றனர்.

சற்றே நின்று பார்ப்போம். அந்தக் கணக்கில் மாநில மக்களுள் 44 விழுக்காட்டினர் நகரவாசிகள். முஸ்லிம்களிலோ 70 விழுக்காட்டுக்கும் மேல். நகரத் தமிழகத்தின் எழுத்தறிவு 82.5; கிராமத் தமிழகத்தில் 66.2. நாம் நகரத்தில் மிகுந்திருப்பதாலேயே நம் சராசரி உயர்ந்து தெரிகிறது. இவ்வெண்களைக் கொண்டு கணக்கிட்டால் அந்த 9 புள்ளி வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி நகரவாழ்வின் விளைவு. காயல்பட்டினத்து வணிகரும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்ணும், வாணியம்பாடித் தோல் தொழிலாளியும், கண்டிகைச் சிறு கடைக்காரரும் ஒரே எண்ணுக்குள் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். குழுவினர் நகரையும் கிராமத்தையும் பிரித்துப் பார்க்காமலில்லை. மேடைக்கு வந்து சேர்வது சராசரி ஒன்றே. 2007-இல் தமிழக அரசு வழங்கிய 3.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டை நாளை ஒருவர் மறுக்க எழுந்தால், அவர் கையில் எடுக்கப் போகும் ஆயுதமும் அந்தச் சராசரியாகவே இருக்கும்.

சராசரியின் இந்த மாயத்தை மஹ்பூபுல் ஹக் நன்கு அறிந்தவர். பாகிஸ்தானின் வளர்ச்சி விகிதத்தை உலகம் வியந்துகொண்டிருந்த 1968-இல், அதன் செல்வம் 22 குடும்பங்களின் கையில் குவிந்திருப்பதை வெளிப்படுத்தியவர் அவர். அந்நாட்டுத் திட்டக்குழுவின் தலைமைப் பொருளியலாளராக இருந்துகொண்டே! அவர் முன்னின்று 1990-இல் வெளியிட்ட மனித மேம்பாட்டுக் குறியீடும் ஒரு சராசரியே என்பது விந்தை. ஏற்றத்தாழ்வைக் கழித்துக் காட்டும் திருத்திய குறியீடு 2010-இல்தான் வந்தது. உலக மன்றத்துக்கே இருபதாண்டுகள் பிடித்தன.

பல்கலைக்கழகத்தார் கண்டிகைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜமாஅத்துகளில் திருமணப் பதிவேடு இருக்கிறது. மணமக்களின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், மஹர், சாட்சிகள் எல்லாம் அதில் உண்டு. மேற்கண்ட நூல்கள் எதிலும் அது சான்றாக எடுத்தாளப்படவில்லை. ஐம்பது ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால், மணமகள் கைநாட்டு வைத்தது எந்த ஆண்டோடு நின்றது, கையெழுத்து எந்த ஆண்டு தொடங்கிற்று என்பது ஊர்வாரியாகத் தெரியும். ஆண்டுவாரியாக அதை எழுதிவைக்க ஒரு பட்டதாரிப் பெண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.