தீர்ப்பும் கிருமியும்: ஒடிசி வரிசையின் இறுதி நாவல் குறித்துச் சில கருத்துகள்

விஞ்ஞானப் புனைகதையை இலக்கியமாக ஏற்பதில் எம்மிடையே இன்னும் தயக்கம் நிலவுகின்றது. பொழுதுபோக்கு எழுத்து என்ற ஒரே சொல்லில் அதனை ஒதுக்கிவிடுகிறோம். எனினும் 1956 முதல் 2008 இல் மறையும் வரை இலங்கையிலே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கை அவ்வாறு ஒதுக்குதல் மலையகத்தவர்க்கு எளிதன்று. மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்து நாம் நாளும் காணும் சிவனொளிபாதமலையைப் பெயர் மாற்றி, பூமத்திய ரேகைக்கு நகர்த்தி, 1979 இல் வெளிவந்த நாவலொன்றில் விண்ணுக்கேறும் பாதையின் அடித்தளமாக்கியவர் அவர்.

1968 இல் '2001' உடன் தொடங்கிய அவரது ஒடிசி வரிசை 1997 இல் '3001: இறுதி ஒடிசி'யுடன் முடிவுற்றது. மனித அறிவைத் தூண்டிவிட்ட அந்நியரின் கருங்கற்பலகை இங்கே மனிதகுலத்தை அழிக்கும் கருவியாக மாறுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன், கொடுமைகள் மலிந்த இருபதாம் நூற்றாண்டை வைத்து அது அனுப்பிய அறிக்கைக்கு, தொலைதூர விண்மீனொன்றிலிருந்து இப்போது பதில் வந்திருக்கிறது. மனிதர் இதற்கிடையில் திருந்திவிட்டனர். தீர்ப்பளிப்போருக்கு அது தெரியாது.

இவ்விடத்தில் நாவல் எம்மை உலுக்குகின்றது. பழைய பதிவேட்டை வைத்து, தூரத்தே இருந்து, ஒரு மக்கட்கூட்டத்தின் விதியைத் தீர்மானித்தல் எமக்குக் கற்பனையன்று. 1948 இன் குடியுரிமைச் சட்டம் எம் முன்னோரிடம் பிறப்புக்கும் வதிவுக்கும் பத்திரம் கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. கிளார்க் இதனை எண்ணி எழுதினார் என்பது என் வாதமன்று. வாசகன் தன் அனுபவத்தோடேயே நூலுக்குள் நுழைகிறான், அவ்வளவே.

ஆயின் இத்தகைய வலிய கருவைக் கையிலெடுத்தவர் அதனைத் தீர்த்த விதம் ஏமாற்றமளிக்கின்றது. சந்திரனில் பூட்டி வைக்கப்பட்டிருந்த கணினி நச்சுநிரல் கருங்கற்பலகைக்குள் செலுத்தப்படுகிறது. கதிரவனை மறைக்க எழுந்த இலட்சோபலட்சம் பலகைகளும் உதிர்ந்துபோகின்றன. எச்.ஜி. வெல்ஸ் 1898 இல் செவ்வாய்க்கிரகவாசிகளை நுண்கிருமிகளால் வீழ்த்தினார். 1996 இன் 'இன்டிபென்டன்ஸ் டே' திரைப்படமும் கணினிக் கிருமியையே நாடிற்று. உத்தி பழையதென்பது பெருங்குற்றமன்று. மாசிமாதக் காமன் கூத்தில் எரிந்த காமன் மீண்டெழுவான் என்பதை அறிந்தே விடியும்வரை விழித்திருக்கிறோம் அல்லவா? என் மறுப்பு வேறு.

கிருமி ஆதிக்கத்தை வீழ்த்துமா? இதற்கு எம் மலைகளிலேயே விடை உண்டு. 1869 இல் கோப்பி இலைகளில் தோன்றிய துருநோய் இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பெருந்தொழிலையே அழித்தது. துரைமார் பலர் நொடித்துப்போயினர். ஆயின் தோட்டமுறை அழிந்ததா? 1867 இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. பிரட்டுக்களமும் கங்காணியும் அப்படியே நின்றனர். பூஞ்சணம் பயிரைத்தான் கொன்றது. அந்த ஒழுங்கை அசைக்க மனிதர் வேண்டியிருந்தது: 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் வீழ்ந்ததை இங்கு நினைக்காதிருக்க முடியவில்லை.

கிளார்க்கின் எதிர்ப்பிலோ மக்கள் இல்லை. நிபுணர் சிலர் கூடிப் பேசுகின்றனர். ஆயிரம் ஆண்டு உறைநிலையிலிருந்து மீட்கப்பட்ட பிராங்க் பூல் தூதுவனாகிறான். வானம் இருளும்போது கோடானுகோடிப் பேர் என்ன செய்தனர்? ஆசிரியருக்கு அதில் ஆர்வமில்லை. முற்பகுதியில் பூமியைச் சூழ்ந்த வளைய நகரத்தை வர்ணிப்பதற்கு அவர் காட்டிய பொறுமையில் ஒரு பங்கையேனும் இறுதி அத்தியாயங்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

இருப்பினும் முடிவுரை குறிப்பிடத்தக்கது. அந்நியர் தோற்று ஓடவில்லை. இச்சிறு உலகம் இளமையானது, தீர்ப்பளிக்க இன்னும் காலம் வரவில்லை எனப் பொறுத்துக்கொள்கின்றனர். வென்றதாக எண்ணும் மனிதருக்கு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது மட்டுமே என்பது தெரியாது. நாடற்றிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறிய பின்னரும், பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டையும் பதிவுத் துண்டையும் துணியில் சுற்றிப் பாதுகாக்கும் முதியோரை நான் அட்டன் பக்கத்து லயங்களிற் கண்டிருக்கிறேன்.