பில் 400 ரூபாய்

குன்னூர்க் கடை ஒன்றில் தேயிலைத் தூளை 70 ரூபாய்ப் பாக்கெட், 110 ரூபாய்ப் பாக்கெட் என இரண்டு விதமாக விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டிலும் வாங்கினார், ஒவ்வொன்றிலும் எத்தனை? பில் 400 ரூபாய் என்பது முதல் கூற்று. மொத்தம் நான்கு பாக்கெட் என்பது இரண்டாவது. வங்கித் தேர்வுகளிலும், குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளிலும் டேட்டா சஃபிஷியன்சி என்று வரும் கணக்கின் வார்ப்பு இதுதான். விடையைக் கேட்க மாட்டார்கள். விடை சொல்ல எந்தக் கூற்று போதும் என்றுதான் கேட்பார்கள். தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று பள்ளியில் பழகிய மனம், ‘இரண்டும் சேர்ந்தால்தான் போதும்’ என்று சட்டென முடிவுகட்டும். அது தவறு, முதல் கூற்றே போதும். பாக்கெட்டை உடைத்துப் பாதியாக விற்பதில்லை. விடை இயல் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது, வினாத்தாளில் அச்சாகாத மூன்றாவது கூற்றாக அங்கே நிற்கிறது.

இதில் நான் பெரிதும் ரசிப்பது, கணக்கைப் போடாமலே தீர்ப்புச் சொல்ல முடிவதை. பில் மாறாமல் வேறு விதமாக வாங்க வேண்டுமானால், 110 ரூபாய்ப் பாக்கெட் ஏழைக் குறைத்து 70 ரூபாய்ப் பாக்கெட் பதினொன்றைக் கூட்ட வேண்டும், அல்லது நேர்மாறாக. அந்த மாற்றத்துக்கே 770 ரூபாய் வேண்டும். 400 ரூபாய் பில்லில் அதற்கு இடமேது? ஆகவே விடை ஒன்றே ஒன்றுதான். 70இல் ஒன்று, 110இல் மூன்று என்று பிறகு சாவகாசமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். பில்லை 950 ஆக்கிப் பாருங்கள், அதே கூற்று போதாமல் போய்விடும். 70இல் பன்னிரண்டும் 110இல் ஒன்றும் வாங்கினாலும் 950 ரூபாய், 70இல் ஒன்றும் 110இல் எட்டும் வாங்கினாலும் 950 ரூபாய். பயிற்சி மையத்துக் குறுக்குவழிதானே, இதில் கலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. சமன்பாடுகளை எண்ணிப் பார்த்து விடை குறிப்பதுதான் குறுக்குவழி. இங்கே காலை வாருவதும் அதுவேதான். விடையைத் தேடாமல் நிறுத்திக்கொள்வது கணிதமாகுமா என்பது இன்னும் கனமான கேள்வி. ஆகும் என்பேன். தீர்வு உண்டா, உண்டென்றால் ஒன்றுதானா என்று கேட்பது, தீர்வைக் கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. இந்த இனத்துச் சமன்பாடுகளுக்கு முழு எண் தீர்வு காணும் குட்டக முறை, கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே இருக்கிறது.

இன்னொரு நயம், தெரிந்ததை ஒதுக்கிவைப்பது. மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில் பாதையில் 16 குகைகள். வளைவுகள் எத்தனை? 200க்கு மேல், 220க்குள் என்பது முதல் கூற்று. குகைகளின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபடும் என்பது இரண்டாவது. 208 என்பதை மனப்பாடமாக வைத்திருக்கும் நீலகிரிக்காரர், முதல் கூற்றே போதும் என்று சொல்லிவிடக்கூடும். முதல் கூற்று மட்டும் இருந்தால் 201 முதல் 219 வரை எதுவும் விடையாகலாம். இரண்டாவது மட்டும் இருந்தால் 16இன் மடங்குகளுக்கு முடிவே இல்லை. சேர்ந்தால்தான் 192 கீழேயும் 224 மேலேயும் விலக, 208 தனியாக நிற்கும். வினா எழுதுபவர் 220ஐ 230 ஆக்கிவிட்டால் 224ம் உள்ளே வந்துவிடும். அப்போது இரண்டு கூற்றும் சேர்ந்தாலும் போதாது.