முறையீடும் மறுமொழியும்

கிழக்கிலங்கை முஸ்லிம் எழுத்துகளைப் பற்றி முப்பது வருடங்களாக ஏதோ எழுதி வருகிறேன். நூல் வெளியீட்டு மேடைகளில் அறிவிப்பாளர் ‘விமர்சகர்’ என்று அழைக்கும்போது இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. அந்த முப்பது வருடத்தில் நான் விட்ட ஒரு பிழையை முன்வைத்தே இக்கட்டுரையை எழுத வேண்டியுள்ளது. பிழை என்னுடையது மட்டுமல்ல, அந்தக் காலத்தினுடையது என்று சொல்லித் தப்பிக்கலாம். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

1990களின் நடுப்பகுதி. மட்டக்களப்பு வாவிக்கரை ஊரொன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர், அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், கொப்பியில் எழுதிய சிறுகதையொன்றைக் கொண்டுவந்து தந்தார். கதை 1990 ஓகஸ்டுக்குப் பிந்திய நாட்களில் நடக்கிறது. தன் மூத்த காக்காவைப் பறிகொடுத்த ஒருவன் ஊர்காவற்படையில் சேர்கிறான். கதையின் முதற்பாதி அந்த இழப்பைச் சொல்கிறது. மறுபாதியில், சிறுவயதிலிருந்தே தனக்குத் தெரிந்த ஒரு தமிழ் மீனவரை அவன் துறையில் வைத்து அடிக்கிறான். அவருடைய வலையைப் பறித்துவந்து தன் வீட்டு முற்றத்தில் போடுகிறான். ஈரம் சொட்டும் வலையைப் பார்த்து உம்மா, “ஆர்ர வலைடா இது?” என்று கேட்கிறா. அத்தோடு கதை முடிகிறது.

வாசித்துவிட்டு நான் சொன்னேன்: “தம்பி, முதல் பாதி நல்லாரிக்கி. மத்தத எடுத்துப் போடுங்க. நம்மட ஆக்கள் பட்ட பாட்டுக்கு, இது இதச் சொல்லுற நேரமில்ல.” அவர் எதிர்த்துப் பேசவில்லை. “சரி சேர்” என்றார். பாதிக் கதை ஒரு சஞ்சிகையில் வந்தது. அதற்குப் பாராட்டுக் குறிப்பு எழுதியவனும் நானே. அதன் பிறகு அவர் இரண்டு கதைகள் எழுதினார். இரண்டும் அந்த முதற்பாதியையே வேறு பெயர்களில் சொல்லின. பின்னர் அவர் எழுதவில்லை.

இக்பாலை எடுத்து வாசிக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் என் நினைவுக்கு வருகிறது. இக்பால் எங்களுக்கு வெளியூர்க் கவிஞர் அல்லர். காத்தான்குடி தந்த பெருங்கவிஞர் அப்துல் காதர் லெப்பை ‘இக்பால் இதயம்’ என்ற நூலின் மூலம் அவரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து இருத்திவிட்டார். மீலாத் மேடைகளில் இக்பாலைத் தொடாமல் இறங்கிய பேச்சாளரை நான் கண்டதில்லை. ஆனால் நாம் கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் ‘ஷிக்வா’ என்னும் முறையீட்டை எழுதிய இக்பாலைத்தான். 1911இல் லாகூரில் அஞ்சுமனே ஹிமாயத்தே இஸ்லாம் சபையின் கூட்டத்தில் அவர் அதைப் படித்தார். உனக்காக இவ்வளவும் செய்த எங்களுக்கு ஏன் இந்தக் கதி என்று இறைவனையே நோக்கிக் கேட்கும் கவிதை அது. கேட்டவர்கள் உருகினார்கள், சிலர் கோபித்தார்கள். 1913இல் ‘ஜவாபே ஷிக்வா’ என்ற மறுமொழி வந்தது. கேள்வி கேட்டவன் மீதே அது கேள்விகளைத் திருப்பிப் போடுகிறது.

கோபித்தவர்களைச் சமாதானப்படுத்த எழுதிய மன்னிப்புக் கடிதமாக மறுமொழியைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முறையீட்டை இக்பால் வாபஸ் வாங்கவில்லை. 1924இல் வந்த ‘பாங்கே தரா’ தொகுதியில் இரண்டுக்கும் இடம் கொடுத்தார். இரண்டும் ஆறடிச் செய்யுள்கள், ஒரே சந்தம். முதலாவது பொய் என்பதால் இரண்டாவது எழுதப்படவில்லை. முதலாவது உண்மையாக இருந்தும் அது போதாது என்று கண்டபடியாலேயே எழுதப்பட்டது. ஒரு கவிஞன் தன் சொந்தக் கவிதைக்குத் தானே முதல் விமர்சகனாக நின்ற இடம் அது.

இன்னொரு சம்பவமும் இக்பாலிடம் உண்டு. 1915இல் வெளியான ‘அஸ்ராரே குதீ’யில் பாரசீகத்தின் பெருங்கவி ஹாஃபிஸைக் கடுமையாகத் தாக்கி அவர் எழுதியிருந்தார். சூபிகளிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பலத்த எதிர்ப்பு வந்தது. 1918ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அந்த அடிகள் இல்லை. ஆனால் உறங்க வைக்கும் இலக்கியம் வேண்டாம் என்ற தன் கருத்தை அவர் விட்டுவிடவில்லை. ஹாஃபிஸின் பெயரை எடுத்துவிட்டு, இலக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்ற பொதுப் பகுதியாக அதை மாற்றினார். எது தன் கொள்கை, எது தன் கோபம் என்று மூன்று வருடங்களில் அவரால் பிரித்தறிய முடிந்திருக்கிறது. எனக்கு அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் சென்றது.

இனி எங்கள் எழுத்துக்கு வருகிறேன். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் இருந்தவர்களைக் காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு ஊர்களிலும் நூறு பேருக்கு மேல் மௌத்தானார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். இதன் பின்னர் கிழக்கில் ஒரு தலைமுறையே முறையீடுதான் எழுதியது. எழுதாமல் இருந்திருந்தால் அதுவே பெருங்குற்றமாகியிருக்கும். அந்தக் குரலுக்கு முன்மாதிரியும் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இலேயே வந்துவிட்டது. நாங்கள் அதிலிருந்து சீற்றத்தை எடுத்துக்கொண்டோம். ‘அடையாள அட்டை’ எழுதிய அதே மஹ்மூத் தர்வீஷ், 2007இல் காஸாவில் பலஸ்தீனரைப் பலஸ்தீனரே சுட்டபோது தன் மக்களை நோக்கியே கசப்போடு எழுதினார். அந்தத் தர்வீஷை எங்கள் மேடைகள் அழைக்கவில்லை.

முறையீடு உண்மையாக இருந்தும் இலக்கியமாக ஏன் தேங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வந்த இவ்வகைக் கதைகளை அண்மையில் ஒரு வாரம் உட்கார்ந்து வரிசையாக வாசித்தேன். பத்துக் கதைகளுக்குப் பிறகு எது ஏறாவூர், எது காத்தான்குடி, எது ஓட்டமாவடி என்று பிரித்தறிய முடியவில்லை. பாங்கு ஒலிக்கிறது, உம்மா அழுகிறா, இரத்தம் ஓடுகிறது, கடைசி வரியில் வானத்தை நோக்கி ஒரு கேள்வி. கொன்றவனுக்கு முகம் இல்லை. செத்தவனுக்கும் முகம் இல்லை, அவர் நல்லவர் என்பதைத் தவிர. காத்தான்குடிக் கடைகளுக்கு ஆரையம்பதியிலிருந்து வந்துபோனவர்கள் எப்போது வராமல் போனார்கள்? திரும்பப் போக முடியாத வயல்களை யார் யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள்? அதே ஓகஸ்டில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதையும், அதில் முஸ்லிம் ஊர்காவற்படையினருக்குப் பங்கிருந்ததாகப் பதிவுகள் சொல்வதையும் எங்கள் கதைகளில் எத்தனை பேர் எழுதினோம்? எழுதினால் எங்கள் துக்கம் குறைந்துவிடும் என்று பயந்தோம். உண்மையில் குறைந்தது கதைதான். அந்தத் தம்பியின் கொப்பியில் இருந்த ஈர வலை, நான் அந்த வாரம் வாசித்த எந்தக் கதையிலும் இல்லை.

இதற்கு மாறான மரபு எங்களுக்கு இல்லாமலும் இல்லை. அப்துல் காதர் லெப்பையே ‘செய்னம்பு நாச்சியார் மான்மியம்’ எழுதியவர். கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மிய’த்தை நினைவூட்டும் தலைப்பு. சொந்த ஊரைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு 1960களின் காத்தான்குடிக் கவிஞருக்கு இருந்திருக்கிறது. இக்பாலை மேடைக்கு எடுத்துக்கொண்ட நாங்கள் மான்மியத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

போருக்குப் பின்னர் ஏறாவூரிலிருந்து ஒரு மறுமொழி வரத்தான் செய்தது. ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ நாவல் 2014இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. தவக்குல் என்ற முஸ்லிம் சமூகசேவகியையும், போராட்டத்திலிருந்து திரும்பிய யோகா, தெய்வானை என்ற தமிழ்ப் பெண்களையும் ஒரே கதைக்குள் இருத்திய நாவல் அது. கலைரீதியாக அதில் குறைகள் உள்ளன. சில அத்தியாயங்கள் அறிக்கைபோல நகர்கின்றன. உரையாடல்கள் நீண்டு கருத்துரைகளாகிவிடுகின்றன. ஆனால் மூன்று பெண்களுடைய காயங்களையும் எது பெரிது என்று தராசில் நிறுக்காமல் சொல்ல முடியும் என்பதை அது காட்டியது. தன் ஊர் தன் பெண்ணை எப்படி நெருக்குகிறது என்பதையும் மறைக்கவில்லை. நூல் வருவதற்கு முன்பே, 2012 நொவம்பரில் பீபீசி தமிழோசைக்கு வழங்கிய ஒரு செவ்வியின் காரணமாக அவர் மிரட்டலுக்கு உள்ளாகி ஊரை விட்டுப் போக நேர்ந்தது. 2015இல் அவர் கொல்லப்பட்டதாகவே பொய்ச்செய்தி பரப்பினார்கள். அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் நான் உடன்பட வேண்டியதில்லை. ஒரு நாவலை நாவலாக வாசித்து நாலு பக்கம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ‘இப்ப வேணாம்’ என்று அன்று தம்பிக்குச் சொன்ன அதே நான், இம்முறை அதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

2019 ஏப்ரல் 21. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட நாட்டின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகள் பலர். அதற்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியில் பிறந்தவன். அவனுடைய பேச்சின் வன்மம் அதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. 2017 மார்ச்சில் சூபிகளோடு நடந்த மோதலுக்குப் பிறகே அவன் தலைமறைவானான். ஊர்க்காரர் சிலர் எச்சரித்தும் இருக்கிறார்கள்; அவர்களைச் செவிமடுக்காத அதிகாரிகளும் உண்டு. அதையெல்லாம் விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். எனது கேள்வி சிறியது: ஒரே பள்ளிவாசல் வரிசையில் நின்ற இரண்டு சகோதரர்கள், ஸலாம் சொல்லிக்கொள்ளாத அளவுக்குப் பிரிந்துபோன அந்தப் பதினைந்து இருபது வருடங்களை எங்கள் சிறுகதைகளில் எங்கே தேடுவது? மணல் பிடித்த ஒரு ஒழுங்கையில் தகராறு எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்று எழுத எங்கள் ஊரவரை விட வேறு யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு என்னிடம் வந்த கையெழுத்துப் பிரதிகள் இரண்டு வகையாக இருந்தன. முதல் வகை பழைய முறையீடு. அதற்கும் நியாயம் இருந்தது. 2014 அளுத்கமவும் 2018 திகனவும் நடந்தவைதானே. 2020இல் கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். 2021 மார்ச்சிலிருந்துதான் எங்கள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவையே அந்த எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. மற்ற வகை, நாம் கெட்டோம், நாமே கெடுத்தோம் என்று தலையில் அடித்துக்கொள்ளும் கவிதைகள். இவற்றை மறுமொழி என்று ஏற்க எனக்கு மனமில்லை. இதிலும் முகங்கள் இல்லை. ‘நாம்’ என்ற சொல்லுக்குள் எல்லோரையும் போட்டுவிட்டால் யாரும் பொறுப்பில்லை. ஹாலி இதை அறிந்திருந்தார். 1879இல் சமூகத்தின் வீழ்ச்சியைப் பாடிய அவருடைய ‘முஸத்தஸ்’ இருளிலேயே முடிந்தது. 1886 பதிப்பில் நம்பிக்கையோடு ஓர் அனுபந்தத்தைச் சேர்த்தார். அந்த அனுபந்தம் மூலத்தளவு சக்தி உடையதல்ல என்பது என் எண்ணம். ஆனாலும் தன் நூலைத் திரும்ப எடுத்து, இது வாசிப்பவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்திருக்கிறார் அல்லவா?

சென்ற வருடம் மழைக்கு முன்பாக அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். தம்பி என்கிறேன், அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அரிசி ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறார். பிளேன்டீ வந்தது. அன்று நான் சொன்னது பிழை என்று சொல்லவே வந்ததாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன்.

“கிடக்கு சேர். ஆனா அத அப்படியே போட ஏலா. அதுவும் பிழையாத்தான் இரிக்கி.”

எது பிழை என்றேன்.

“நான் வலைய நம்மட முத்தத்துக்குக் கொண்டு வந்துட்டன். அந்த மனிசன் அண்டைக்கு வெறுங்கையோட ஊட்ட போனத்த எழுதல்ல. கதைய அங்கயிருந்துதான் தொடங்கணும்.”

ஏன் அப்போது எழுதவில்லை என்று கேட்டதற்கு, “அவர்ர ஊட்டுக்குள்ள நான் போகல்லயே சேர்” என்றார். அந்த மீனவர் இறந்துவிட்டாராம். மகன் ஆரையம்பதிச் சந்தையில் மீன் விற்கிறானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார்.