கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து: நாய்கள் தந்த சான்று எவ்வளவு?

2015 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'நேச்சர்' என்னும் அறிவியல் வார இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. லானோஸ்டீரால் என்னும் பொருளைக் கொண்டு நாய்களின் கண்புரையைக் குறைக்க முடிந்தது என்பது அதன் சாரம். அடுத்த சில நாட்களில் பல நாட்டுச் செய்தித்தாள்கள், இனிக் கண்புரைக்குக் கத்தி தேவைப்படாது, சொட்டு மருந்தே போதும் என்ற பொருள்பட எழுதின. பின்னர் வளர்ப்பு நாய்களுக்கென்றே லானோஸ்டீரால் சொட்டு மருந்துகள் விற்பனைக்கும் வந்தன.

அறுவை மருத்துவம் என்றாலே மனம் தயங்குவது இயல்பு. மயக்க மருந்து, செலவு, வாரக்கணக்கில் பேண வேண்டிய பொறுப்பு ஆகியவற்றை எண்ணுவோர் சொட்டு மருந்தை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படையான ஆய்வு எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்று பார்க்க வேண்டும். மருந்தை நம்பிக் காத்திருக்கும் காலத்தில் நாயின் கண்ணுக்குள் மாறுதல்கள் நடந்துகொண்டேயிருக்கின்றன என்பதால், இது வெறும் ஏட்டு வாதம் அன்று.

புரை எவ்வாறு உண்டாகிறது?

கண்மணிக்குப் பின்னால் உள்ள விழிவில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். கிரிஸ்டலின்கள் எனப்படும் இப்புரதங்கள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அமைந்திருப்பதால்தான் ஒளி தடையின்றி ஊடுருவுகிறது. அவை உருக்குலைந்து ஒன்றோடொன்று திரண்டால் ஒளி சிதறுகிறது, வில்லை வெளுக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது தெளிவை இழப்பதை இதற்கு ஒப்பிடலாம். வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியுமா என்பது போன்றதுதான் சொட்டு மருந்தைப் பற்றிய கேள்வியும்.

நாய்களுக்குப் புரை வருவதற்குப் பரம்பரை ஒரு முக்கியக் காரணம். பூடில், காக்கர் ஸ்பானியல் முதலிய இனங்களில் இது மிகுதி. நீரிழிவு மற்றொரு காரணம். இரத்தத்தில் மிகுந்துவிட்ட குளுக்கோஸ் விழிவில்லைக்குள் புகுந்து சார்பிட்டாலாக மாறுகிறது. சார்பிட்டால் எளிதில் வெளியேறுவதில்லை. அது நீரை உள்ளிழுக்க, வில்லையின் இழைகள் வீங்கிச் சிதைகின்றன. நீரிழிவுற்ற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் புரை வந்துவிடுகிறது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. ஏழெட்டு வயதைத் தாண்டிய நாய்களின் விழிவில்லை நடுவில் இறுகி, நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தோன்றும். இது மூப்பின் இயல்பு, புரை அன்று. பார்வையையும் பெரிதாகக் கெடுப்பதில்லை. சொட்டு மருந்தால் நாய்க்குப் பார்வை வந்தது என்று நற்சான்று தருவோரில் இத்தகைய நாய்களை வளர்ப்போரும் கலந்திருக்க இடமுண்டு. மருந்தே இல்லாவிட்டாலும் அந்த நாய் அப்படித்தான் நடமாடியிருக்கும்!

ஆய்வு கூறியது என்ன?

சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையின் தொடக்கம் நல்ல அறிவியலுக்கு எடுத்துக்காட்டு. பிறவியிலேயே கண்புரையுடன் குழந்தைகள் பிறந்த இரு குடும்பங்களை அவர்கள் ஆராய்ந்தனர். உடலில் லானோஸ்டீரால் உண்டாவதற்குத் தேவையான நொதியின் மரபணு அக்குழந்தைகளிடம் பழுதுபட்டிருந்தது. அப்படியானால் லானோஸ்டீரால் விழிவில்லையின் தெளிவைக் காக்கிறதோ என்று அவர்கள் கருதினர். சோதனைக் குழாயில் திரண்ட புரதங்களுடன் லானோஸ்டீராலைச் சேர்த்தபோது திரட்சி குறைந்தது. முயல்களின் புரை கண்ட வில்லைகளை வெளியே எடுத்து ஆறு நாட்கள் அக்கரைசலில் வைத்தபோது தெளிவு கூடியது. இறுதியாக, இயற்கையாகப் புரை வந்த சில நாய்களுக்கு ஆறு வாரம் மருத்துவம் செய்து பார்த்தனர்.

செய்தித்தாள்கள் கைவிட்ட ஒரு விவரம் இங்கேதான் இருக்கிறது. அந்த நாய்களுக்குச் சொட்டு மருந்து மட்டும் தரப்படவில்லை. லானோஸ்டீராலை நுண்துகள்களில் ஏற்றிக் கண்ணின் உட்புறத்திலேயே மீண்டும் மீண்டும் ஊசி மூலம் செலுத்தினர். லானோஸ்டீரால் கொழுப்பு இனத்தைச் சேர்ந்தது. நீரில் கரைவது அரிது. கண்ணின் மேல் விடும் சொட்டில் பெரும்பகுதி கண்ணீரோடு கலந்து வெளியேறிவிடுகிறது. எஞ்சியதும் வெளிப்படலத்தைக் கடந்து வில்லையை அடைய வேண்டும். ஆகவே ஊசியும் சொட்டும் சேர்ந்து தந்த பயனைச் சொட்டு மட்டுமே தரும் என்று கொள்ள அந்த ஆய்வில் ஆதாரமில்லை.

நாய்களின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. மேலும், அங்கு அளந்து மதிப்பெண் இட்டது வில்லையின் மங்கலை. மங்கல் ஒரு படி குறைவதும் நாய் தன் உணவுத் தட்டைக் கண்டு நடந்து வருவதும் ஒன்றாகிவிடா.

பிறர் செய்து பார்த்தபோது

அதே 2015 ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்தனர். அறுவையின்போது மனிதர் கண்களிலிருந்து எடுத்த நாற்பது புரைக்கருக்களைப் பயன்படுத்தினர். ஒரு பகுதியை லானோஸ்டீரால் கரைசலிலும் மற்றவற்றை அது இல்லாத கரைசலிலும் ஆறு நாட்கள் வைத்தனர். புரை கரையவில்லை. முதிர்ந்த மனிதப் புரைக்கரு மிகவும் கெட்டியானது. முயல் வில்லையோடு அதனை ஒப்பிடலாகாது என்று மறுப்பதற்கு இடமுண்டு. ஆனால் 2019 இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் வில்லைகளைக் கொண்டு செய்த விரிவான சோதனையை வெளியிட்டனர். அதிலும் லானோஸ்டீரால் தெளிவை மீட்கவில்லை. கிரிஸ்டலின் புரதங்களோடு அது இணைவதற்கும் சான்று கிடைக்கவில்லை.

இதனால் ஆராய்ச்சியே வீண் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. குரங்குகளில் ஓரளவு பயன் கண்டதாகப் பின்னர் ஓர் ஆய்வு கூறியது. அங்கும் மருந்து செலுத்தப்பட்டது ஊசி வழியாகத்தான். நீரிழிவுற்ற நாய்களில் சார்பிட்டால் உண்டாவதைத் தடுத்துப் புரையைத் தாமதப்படுத்தும் சொட்டு மருந்து சோதனையில் நல்ல பயன் தந்திருக்கிறது. அது வருமுன் காக்கும் வழி. வந்துவிட்ட புரையைக் கரைக்கும் என்று ஐயமற நிறுவப்பட்ட சொட்டு மருந்து இன்றுவரை எதுவும் இல்லை.

அறுவையும் குறையற்றதன்று

1967 இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் மனிதருக்காக உருவாக்கிய முறையே இன்று நாய்களுக்கும் கையாளப்படுகிறது. நாயை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, சுமார் 3 மில்லிமீட்டர் கீறல் வழியே மெல்லிய ஊசிமுனையைச் செலுத்துகிறார்கள். அது மீயொலி அதிர்வால் வில்லையை நொறுக்கி உறிஞ்சுகிறது. காலியான உறைக்குள் செயற்கை வில்லை பொருத்தப்படுகிறது. நாயின் விழிவில்லை மனிதருடையதைவிடத் தடித்தது. மனிதருக்குப் பொதுவாக 20 டயாப்டர் அளவில் வில்லை போதும். நாய்க்கு ஏறத்தாழ 41 டயாப்டர் தேவை. மனித வில்லையை எடுத்து நாய்க்குப் பொருத்த முடியாது.

இம்முறையைப் போற்றுவோர் கூறும் வெற்றிக் கணக்கையும் நாம் அதே கண்டிப்புடன் பார்க்க வேண்டும். தக்க நாய்களைத் தேர்ந்து செய்யும்போது பெரும்பாலானவை பார்வை பெறுகின்றன என்பது உண்மை. 'தேர்ந்து' என்ற சொல் முக்கியமானது. புரைக்குப் பின்னால் விழித்திரை கெட்டிருந்தால் வில்லையை மாற்றிப் பயனில்லை. பரம்பரையாக விழித்திரை தேயும் நோய் நாய்களில் உண்டு. அதனால் அறுவைக்கு முன் விழித்திரையின் மின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். நாய் எழுத்துப் பலகையைப் படிக்காது. பஞ்சு உருண்டையைக் கீழே விட்டுக் கண் அதனைத் தொடர்கிறதா, தடைகளுக்கிடையே மோதாமல் நடக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அறுவைக்குப் பின்னும் அழற்சி, கண் நீர் அழுத்த உயர்வு, விழித்திரை விலகல் ஆகியவை நேரலாம். மாதக்கணக்கில் மருந்து விட்டு, அவ்வப்போது கண்ணைச் சோதித்துவர வேண்டும்.

காத்திருப்பின் விலை

இத்தனை குறைகள் இருந்தும் அறுவையின் பக்கமே சான்று நிற்கிறது. முதிரும் புரையிலிருந்து வில்லைப் புரதங்கள் கசிகின்றன. உடல் அவற்றை அயற்பொருளாகக் கருதித் தாக்க, கண்ணுக்குள் அழற்சி தோன்றுகிறது. அது நீடித்தால் கண் நீரின் அழுத்தம் உயர்ந்து வலியும் நிலையான குருடும் விளையும். அந்நிலையில் அறுவை பயன் தராது. மூன்று மாதம் சொட்டு விட்டுப் பார்ப்போம் என்று காத்திருந்தவர், நான்காம் மாதம் மருத்துவரிடம் போகும்போது வாய்ப்பே கைநழுவியிருக்கக் கூடும். நீரிழிவுற்ற நாய்க்குப் புரை விரைந்து முதிர்வதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வசதியில்லாத காரணத்தால் அறுவை செய்ய இயலாதோர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. மோப்பத்தாலும் செவியாலும் பழகிய வீட்டில் குருட்டு நாய் நன்றாகவே வாழும். ஆனால் அதற்கும் அழற்சியைத் தணிக்கும் மருந்தும் கால்நடை மருத்துவரின் தொடர்ந்த கவனிப்பும் வேண்டும். கண்ணில் வெண்மை தெரிந்தவுடன் அது புரையா, மூப்பா என்று சோதித்தறிவதே முதல் வேலை. சொட்டு மருந்தை வாங்குவதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழ வேண்டும்.